'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போடும் முன்

நெய்வேலி நகரியத்தில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் குவார்ட்டர்ஸ் குடியிருப்பவருக்குச் சொந்தமாவதில்லை. 1956-ல் தொடங்கிய நிறுவனம் கட்டிக்கொடுத்த வீடு. பணி ஓய்வு பெற்றால் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். முப்பது வருடம் ஒரே வட்டத்தில் இருந்துவிட்டு, சிலர் பக்கத்திலேயே இந்திரா நகரிலோ வடக்குத்திலோ வீடு கட்டிக்கொண்டு போவார்கள். சிலர் சொந்த ஊருக்கு, சிலர் சென்னையில் இருக்கும் பிள்ளைகளிடம். எங்கே போனாலும் அதற்கு முன் பரண் காலியாக வேண்டும். பரணில் பித்தளை அண்டா, பழைய மின்விசிறி, கொலு பொம்மை, அதோடு கட்டாயம் ஒரு சிடி பௌச்.

அந்த பௌச்சில் என்ன இருக்கும் என்பதைத் திறக்காமலே சொல்லலாம். கல்யாண வீடியோ, இரண்டு மூன்று விசிடியாக. காதுகுத்துக்கோ வளைகாப்புக்கோ ஸ்டூடியோக்காரர் போட்டுக் கொடுத்த போட்டோ சிடி. வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் யாரோ ஆசையாக எழுதி வைத்த, மேலே மார்க்கரில் 'பேக்கப்' என்று மட்டும் போட்ட சிடி. (எதன் பேக்கப் என்று எழுதும் பழக்கம் தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் கிடையாது.) லினக்ஸ் சிடியும் ஒன்றிரண்டு கிடைக்கலாம். டயல்-அப் காலத்தில் 700 எம்பி இறக்குவது நடக்கிற காரியம் இல்லை. பிசிக்வெஸ்ட், 2003-ல் தொடங்கிய லினக்ஸ் ஃபார் யூ போன்ற பத்திரிகைகளுடன் வந்த சிடிக்களும், கேட்டால் இலவசமாகத் தபாலில் வந்த உபுண்டு சிடிக்களும்தான் சின்ன ஊர்களுக்கு லினக்ஸைக் கொண்டுவந்தன. அந்த இலவசத் தபாலும் 2011-ல் நின்றுவிட்டது. இந்த வகை சிடிக்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பழைய பதிப்புகள் இணையத்தில் பத்திரமாக இருக்கின்றன. மற்ற மூன்று வகையும் உலகத்தில் அந்த ஒரு பௌச்சில் மட்டும்தான் இருக்கின்றன.

இப்போது வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் சிடி டிரைவ் இல்லை. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஒரு யுஎஸ்பி டிரைவை இரவல் வாங்கி வந்து, லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் சொருகி, முதல் சிடியைப் போடும். டிரைவ் கொஞ்ச நேரம் உறுமும். பிறகு ஒரு எரர். அடுத்த சிடி, அதற்கும் எரர். "அதெல்லாம் கெட்டுப்போயிருக்கும், போட்டுடும்மா" என்பார் அப்பா. பௌச் குப்பைக்குப் போகிறது.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. சிடி கெட்டுவிட்டது என்பது கடைசியாக வரவேண்டிய முடிவு. கணக்குப் பதிவியலில் இருப்பாய்வு பொருந்தவில்லை என்றால் உடனே காசு களவு போய்விட்டது என்று யாரும் கத்துவதில்லை. கூட்டலைப் பார்ப்போம், பிறகு பேரேட்டைப் பார்ப்போம், பிறகு குறிப்பேட்டுக்குப் போவோம். சிடிக்கும் அதே ஒழுங்குதான்.

முதல் கேள்வி, கணினிக்கு டிரைவ் தெரிகிறதா? டெர்மினலைத் திறந்து டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை (புதிய பதிப்புகளில் முன்னால் சூடோ சேர்த்து) கொடுத்தால், கெர்னல் தன் நாட்குறிப்பைக் கொட்டும். அதில் 'எஸ்ஆர்0' என்று ஒரு பெயர் வந்திருந்தால் டிரைவ் தெரிகிறது. வரவில்லை என்றாலோ, வந்து வந்து துண்டிக்கப்பட்டாலோ, சிடியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, மின்சாரம் போதவில்லை. சாதாரண யுஎஸ்பி 2 துளை தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். டிரைவின் மோட்டாரும் லேசரும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில், அதுவும் சிடி எழுதும்போது, அதைவிட அதிகமாகக் கேட்கும். தமிழ்நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு சிடி டிரைவுக்கு மின்சாரம் பற்றவில்லை என்பது வேடிக்கைதான். இரண்டு தலை உள்ள யுஎஸ்பி வயரோ, மேசைக் கணினியின் பின்பக்கத் துளையோ போதும், பாதி வீடுகளில் பிரச்சினை இத்தோடு தீர்ந்துவிடும்.

டிரைவ் தெரிகிறது, சிடி சுற்றுகிறது, ஆனாலும் கல்யாண வீடியோ மட்டும் வரவில்லையா? இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அதிகமாக அநியாயத்துக்குக் குப்பைக்குப் போவது இந்த விசிடிதான்.

சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டாரிலும் 2048 பைட் தகவல் இருக்கும். மீதி இடம் பிழை திருத்தும் குறியீடுகளுக்கு. கோப்பில் ஒரு பைட் தவறினாலும் மோசம் என்பதால் இந்தக் கூடுதல் காவல். விசிடியை வடிவமைத்தவர்கள் (1993-ல் வந்த தரம் அது) வேறு மாதிரி யோசித்தார்கள். படத்தில் ஒரு புள்ளி தவறினால் யாருக்கும் தெரியாது, எனவே காவலைக் குறைத்து அந்த இடத்திலும் படத்தையே வைக்கலாம் என்று செக்டாருக்கு 2324 பைட் நிரப்பினார்கள். அதனால்தான் ஒரு சிடிக்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கல்யாணம் அடங்கியது.

இப்போது லினக்ஸில் அந்த விசிடியைத் திறந்தால் கோப்புறைகள் தெரியும், உள்ளே பெரிய டாட் கோப்பும் தெரியும். நகலெடுக்கப் போனால் உடனே 'இன்புட் அவுட்புட் எரர்'. காரணம், சிஸ்டம் வழக்கம்போல 2048 பைட் செக்டாராகக் கேட்கிறது. இது அந்த வகை இல்லை என்று டிரைவ் மறுக்கிறது. சிடியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் இதே எரர்தான் வரும். வெறும் வடிவத் தகராறு, பார்ப்பவருக்கோ 'கெட்டுப்போச்சு'.

தீர்வு மிக எளிது. விஎல்சி பிளேயரில் கோப்பாகத் திறக்காமல், டிஸ்க் திறக்கும் பகுதியில் விசிடி என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஓடும். கணினியில் சேமித்து வைக்க விசிடி-இமேஜர் என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டால், அதனுடன் வரும் விசிடி-எக்ஸ்-ரிப் என்ற சிறு நிரல் படத்தை முறையான எம்பெக் கோப்பாக எடுத்துக் கொடுத்துவிடும். நாதஸ்வரச் சத்தத்தோடு.

போட்டோ சிடிக்கு வேறு ஒரு பொறி உண்டு. ஒரே சிடியில் பல தடவை எழுதும் மல்டி செஷன் முறையில், இரண்டாவது தடவை எழுதியவர் முதல் தடவையின் பட்டியலைச் சேர்க்க மறந்திருந்தால், திறக்கும்போது கடைசியாக எழுதியது மட்டுமே தெரியும். நானூறு படம் இருந்த சிடியில் முப்பதுதான் இருக்கிறது என்று வீட்டில் யாராவது வருத்தப்பட்டால் இதைச் சந்தேகிக்கலாம். மவுன்ட் கட்டளையில் 'செஷன்' என்ற விருப்பத்தால் முதல் தடவையைத் தேர்ந்தெடுத்தால் அப்போது எழுதியது வெளியே வரும்.

'பேக்கப்' சிடியில் தமிழில் தட்டச்சு செய்த கடிதங்கள் புரியாத குறிகளாகத் திறந்தால், அதுவும் சிடியின் குற்றம் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது. கோப்பை மட்டும் அப்படியே பத்திரப்படுத்திக்கொண்டு, எழுத்து மாற்றும் வேலையை ஒரு மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகும் படிக்க முடியாத டேட்டா சிடிதான் உண்மையிலேயே அடிபட்ட சிடி. சிடி-ஆர் என்பது சாயம் பூசிய தட்டு. லேசர் அந்தச் சாயத்தைச் சூடாக்கி அடையாளம் பதிக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் சாயம் மங்கும். கடலூர் மாவட்டத்து மே மாதத்தைப் பரணில் இருபது தடவை கழித்த சிடிக்கு வேறென்ன ஆகும்? இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. நாம் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பளபள பக்கத்தில் தடிமனான பிளாஸ்டிக் இருக்கிறது, சிறு கீறலைத் தாங்கும். பெயர் எழுதும் மேல்பக்கத்தில்தான் பிரதிபலிக்கும் படலம் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியதும், ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்ததும் அதிகம் கெடுக்கும்.

அப்படிப்பட்ட சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்து (வட்டமாகத் துடைக்கக் கூடாது), டிரைவின் வேகத்தை எஜெக்ட் கட்டளையின் எக்ஸ் விருப்பத்தால் குறைத்து, க்னூ டிடி-ரெஸ்க்யூ நிரலிடம் கொடுக்கலாம். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று தனியாக ஒரு கோப்பில் கணக்கு வைக்கும். அதனால் பாதியில் நிறுத்தலாம். மறுநாள் பக்கத்து வீட்டு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணமாக நடக்கும். இந்த நிரலை விசிடியிடம் காட்டக் கூடாது, படம் முழுவதையும் பழுது என்று எழுதிவிடும்.

எடுத்தாயிற்று. திரும்ப எழுதுவானேன், பென்டிரைவ் போதாதா? போதும். ஆனால் பென்டிரைவை யாராவது அவசரத்துக்கு வாங்கிப் போய் ஃபார்மேட் செய்துவிடுவார்கள். ஒரு தடவை எழுதி மூடிய சிடியில் அந்த ஆபத்து இல்லை. வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று என்று நகல் போட நினைப்பவர்களை அடுத்த எரர் பிடிக்கும்: 'அனுமதி இல்லை', அல்லது 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது'.

இந்த அனுமதித் தகராறுக்கு ஒரு வரலாறு உண்டு. லினக்ஸில் சிடி எழுதுவது என்றாலே நெடுங்காலம் ஜெர்மனியின் ஜோர்க் ஷில்லிங் எழுதிய சிடி-ரெகார்டுதான். கெர்னல் 2.4 காலத்தில் சாதாரண ஐடிஇ டிரைவை ஸ்கஸி டிரைவ் போல வேஷம் கட்டவைத்தால்தான் அது எழுதும். 2.6 வந்து அந்த வேஷத்தைக் கலைத்தது. 2004 ஆகஸ்டில் வந்த 2.6.8, டிரைவுக்குச் சாதாரணப் பயனர் அனுப்பும் கட்டளைகளை வடிகட்டத் தொடங்கியது. நேற்று வரை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு மறுநாள் எழுதவில்லை. எரிச்சல் நியாயம்தான், ஆனால் வடிகட்டியதும் நியாயம். ஒரு தவறான கட்டளை டிரைவின் உயிரையே எடுத்துவிடும். 2003-ல் மாண்ட்ரேக் 9.2 நிறுவியபோது சில எல்ஜி சிடி-ராம் டிரைவுகள் செத்தே போயின. கெர்னல் அனுப்பிய ஒரு சாதாரணக் கட்டளையை அந்த டிரைவுகள் தம் உள்நிரலை மாற்றச் சொல்வதாக எடுத்துக்கொண்டன. பிறகு 2006-ல் சிடி-ரெகார்டின் உரிம மாற்றத்தை ஏற்காத டெபியன்காரர்கள் பிரிந்து வோடிம் என்று தனியாகக் கிளைத்தார்கள். பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் கணினியில் வேறு பெயரும் இருப்பது இதனால்தான்.

இன்றைய உபுண்டு, மின்ட் போன்றவற்றில் திரை முன் உட்கார்ந்து உள்நுழைந்தவருக்கு அனுமதி தானாகவே கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் பயனரை சிடிராம் குழுவில் சேர்த்து, ஒரு முறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். எல்லாவற்றுக்கும் சூடோ போடுவது சோம்பேறி வைத்தியம். 'பயன்பாட்டில் உள்ளது' என்றால் கோப்பு மேலாளர் சிடியைப் பிடித்து வைத்திருக்கிறது. அன்மவுன்ட் செய்தால் விட்டுவிடும். நிரலுக்கு லிப்பர்ன் மேல் ஓடும் எக்ஸ்எஃப்பர்ன் போதும். கே3பி அழகானது, ஆனால் துணை நிரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்ததும் சரிபார்க்காமல் விடக் கூடாது. இது வங்கிச் சரிகட்டும் பட்டியல் மாதிரி. முழு சிடியையும் படித்துக் கூட்டெண் எடுத்து மூல இமேஜின் கூட்டெண்ணுடன் ஒப்பிட்டால், நல்ல சிடியே பொருந்தாமல் போகலாம். எழுதும் முறையைப் பொறுத்து, கடைசியில் இரண்டொரு வெற்று செக்டார்கள் சேர்ந்துவிடும். இமேஜின் நீளம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் படித்து ஒப்பிட வேண்டும், அல்லது கோப்பு கோப்பாக. இரண்டும் பொருந்திய பிறகு மேல்பக்கத்தில், சிடி மார்க்கரால், அழுத்தாமல், யார் கல்யாணம், எந்த வருடம் என்று எழுதி வைத்துவிட்டால், லாரி வருவதற்குள் அடுத்த சிடியைப் போடலாம்.