காரும் காதும்

கார் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் என்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் எதற்கும் வந்துவிட வேண்டாம். 2013ஆம் வருஷம் நான் வாங்கும்போதே, வேறொருவர் நாலு வருஷம் ஓட்டி அலுத்துப்போன சின்ன வண்டி அது. எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்று சொல்லப் போவதில்லை. வீட்டு மனிதரின் குறட்டையைப் பற்றி வெளியே பேசும்போது பெயரை விட்டுவிடுவதுதான் மரியாதை.

நிற்கும்போது அது பரம சாது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் முணுமுணுக்கத் தொடங்கும். அறுபதில் வாதம் செய்யும். எண்பதைத் தொட்டுவிட்டால் வண்டியைத் தவிர வேறு யாரும் பேச முடியாது. சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குச் சுமார் 300 கிலோமீட்டர். வருஷத்தில் நாலைந்து தடவை போய்வருவோம். ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் மௌனப் பிரயாணம். நான் இதை ஒரு குறையாகவே கருதவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, வீட்டார் அத்தனை பேரும் கூட இருந்தும் ஒருவரும் பேசாத ஆறு மணி நேரம் கிடைப்பது லேசான காரியமா? என் நாவல்கள் இரண்டின் முடிவு அச்சிறுபாக்கத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பிறந்தது. அவற்றில் ஒன்று சரியாக அமையவில்லை என்று வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அன்றைக்குச் சாலை மோசம்.

அம்மாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. 2019இல் இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினோம். அம்மா அதை 'மெஷின்' என்பாள். வீட்டில் காலை முதல் இரவு வரை மெஷின் காதில் இருக்கும். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் முதல் காரியமாக இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டுவிடுவாள்.

"மாவு மில்லுக்குள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்குடா. வேண்டாம்" என்பாள்.

அவள் சொன்னது நியாயம். கருவி என்பது என்ன, கேட்கிற சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதுதானே? இப்போது வருகிற கருவிகள் பேச்சு எது, இரைச்சல் எது என்று பிரித்துப் பார்க்க முயலுகின்றன. ஆனால் டயர் ஓசையும் மனிதக் குரலும் கைகோத்துக்கொண்டு வந்தால் அவையும் திணறிப்போகின்றன. ஆகவே காரில் ஏறிவிட்டால் அம்மாவுக்கு ஒன்றும் கேட்காது. அதில் எனக்கும் என் தம்பிக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. அந்தச் சௌகரியம் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என்னிடம் இருக்கிற கொஞ்ச நஞ்ச மதிப்பும் போய்விடும்.

2023 பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டி சுங்கச் சாவடியில் வண்டி நின்றது. காது கேளாதவர்களின் உரத்த குரலில் அம்மா திடீரென்று சொன்னாள்: "நாலு பேர் கூட வரீங்கன்னு பேரு. நான் தனியாத்தான் வரேன்."

சுங்கச் சாவடிப் பையன்கூடத் திரும்பிப் பார்த்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காருக்குள் சத்தத்தைக் குறைக்க வழி உண்டா என்று விசாரித்தேன். 'டேம்பிங் பண்ணுங்க ஸார்' என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுப் பக்கம் கார் அலங்காரச் சாமான் விற்கிற கடைகளுக்குப் பஞ்சமில்லையே! மலிவாகச் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் வண்டியை விட்டேன். மேற்கூரையின் உட்புறமெல்லாம் தார் ஷீட்டை ஒட்டிக் கொடுத்தார். மார்ச் மாதம் ஒரு குறையும் இல்லை. சித்திரை பிறந்தது. வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்தால் புதிதாக ரோடு போடுகிற இடத்து வாசனை. ஒரு மத்தியானம் தார் இளகி, என் மனைவியின் பட்டுப்புடவையில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அந்தப் புடவையின் விலை டேம்பிங் செலவை விட அதிகம் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே போகிறேன். இத்தனைக்கும் இரைச்சல் அப்படியேதான் இருந்தது.

புதுப்பேட்டைச் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் ஒரு நண்பர் அனுப்பி வைத்தார். பாய் ஷீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஓட்டுங்க ஸார்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்கிறவர் போலத் தலையைச் சாய்த்து வந்தார். திரும்பி வந்ததும், "ஓட்டைக் குடத்துக்கு வெளியே பெயிண்ட் அடிச்சிருக்கீங்க" என்றார்.

வண்டியைப் பள்ளத்தின் மேல் நிறுத்தி, ஒரு கந்தல் துணியைச் சுருட்டிப் புகைக்குழாயின் வாயை ஒரு கணம் அடைத்தார். நடுவில் ஓர் இணைப்பிலிருந்து 'புஸ்' என்று சீறியது. சைலன்ஸர் குழாயைத் தாங்குகிற ரப்பர்களில் ஒன்று அறுந்து, குழாய் வண்டியின் அடித்தகட்டில் உராய்ந்துகொண்டிருந்தது. அறுபது எழுபதில் வருகிற 'கும்' என்ற ஓசைக்கு அதுதான் காரணம். சத்தத்தைவிட அந்தக் கசிவு ஆபத்து என்று பாய் கடிந்துகொண்டார். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. வண்டிக்குள் புகுந்தால் தூக்கம் வருவது போலத்தான் இருக்குமாம்.

பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. நிமிஷத்துக்கு 2400 சுற்று என்றால் விநாடிக்கு 80 வெடி. அந்தத் தாழ்ந்த ஸ்வரத்தின் ஓர் அலை மட்டுமே நாலு மீட்டருக்கு மேல் நீளம். என் காரைவிடப் பெரிது! அதைக் கூரையில் ஒட்டிய 2 மில்லிமீட்டர் ஷீட்டால் தடுக்கப் பார்த்திருக்கிறேன். வாசல் வழியாக வருகிற யானைக்குக் கொசுவலை கட்டின கதைதான்.

சைலன்ஸர் என்றதும் எனக்கு ஹைரம் மாக்ஸிம் நினைவுக்கு வருவார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். ஆயுள் முழுவதும் அதை வெடித்து வெடித்துப் பார்த்துக் கடைசிக் காலத்தில் காது போய்விட்டது. அவருடைய பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கிச் சத்தத்தை அடக்குகிற சைலன்ஸருக்கு 1909இல் பேடண்ட் வாங்கினார். மோட்டார் எஞ்சின்களுக்கும் அதே யுக்தியில் சைலன்ஸர் செய்தார். தகப்பனாரின் காதைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு அந்த யோசனை உதித்தது என்று நாவலாசிரியனுக்கு எழுத ஆசை வரும். அதற்கு ஆதாரம் இல்லை, ஆகையால் எழுதவில்லை.

குழாய் சரியாயிற்று. அடுத்தபடி டயர். ஐம்பது கிலோமீட்டருக்கு மேலே போனால் எஞ்சினைவிட டயரும் சாலையும் உரசுகிற ஓசைதான் பெரிது என்றார் பாய். என் டயர்கள் ஆறு வருஷத்துப் பழசு. பட்டன்கள் தேயாவிட்டாலும் ரப்பர் கல்லாகிவிட்டது. நாலும் மாற்றினேன். கதவு ஓரத்து ரப்பர் பீடிங் நசுங்கிப்போயிருந்தது. ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் பதமாக உருவிக்கொண்டு வந்தது. அதுவும் புதிது. இவ்வளவும் ஆன பிறகுதான், "இப்ப ஒட்டலாம் ஸார்" என்றார்.

அவர் ஒட்டியது தார் அல்ல. ப்யூடைல் ரப்பர், மேலே அலுமினியத் தகடு. வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டினால் கணீரென்று நாதம் எழும்பும். விளிம்பில் ஒரு விரலை வைத்தால் போதும், நின்றுவிடும். அந்த விரல்தான் இந்த ஷீட். தகரம் அதிரும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் இப்படியும் அப்படியும் இழுபட்டு, அதிர்ச்சியைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடுகிறது. தாம்பாளம் முழுவதையும் கையால் மூட வேண்டியதில்லை அல்லவா? அதே போல், ஒவ்வொரு தகட்டின் நடுப்பாகத்தில் கால்வாசி ஒட்டினாலே பெரும்பங்கு பலன் கிடைத்துவிடும். "முழுக்க ஒட்டணும்னா ஒட்டறேன், காசு எனக்குத்தானே. ஆனா சதுர மீட்டருக்கு மூணு கிலோ ஆகும். வண்டி எடைதான் ஏறும்" என்றார். இப்படிப்பட்ட வியாபாரியை நான் பார்த்ததில்லை. டாக்டர்களில்கூட.

ஒரு நாள் முழுவதும் பட்டறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவின் உட்பலகையைக் கழற்றி, தின்னரால் துடைத்து, ஷீட்டை வைத்துச் சின்ன உருளையால் அழுத்தினார்கள். அலுமினியத்தில் இருக்கும் பூ வேலை தேய்ந்து மழமழவென்று ஆகிற வரைக்கும் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பிடிப்பு இராது. உதவிக்கு இருந்த பையன் கதவின் அடியில் உள்ள துளைகளையும் சேர்த்து ஒட்டிவிட்டான். பாய் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அதற்கு எந்த ஷீட்டும் தாங்காது! கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் அந்தத் துளைகளில்தான் வடிய வேண்டும். அடைத்துவிட்டால் கதவு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். தரையிலும் பின் சக்கரங்களின் மேலேயும் ஷீட்டின் மீது நுரை ரப்பர் விரித்து, அதன் மேல் கனமான வினைல் பாய் ஒன்றைப் போட்டார்கள். அதிர்வை அடக்குவது ஷீட். காற்றில் வருகிற ஓசையை மறிப்பது கனம். பழைய தாரைச் சுரண்டி எடுக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

பக்கத்து வீட்டுப் பையன் கைப்பேசியில் சத்தத்தை அளந்தான். வேலைக்கு முன்னால் எண்பதாவது கிலோமீட்டர் வேகத்தில் 73 டெஸிபல். இப்போது 68. "அஞ்சுதானா அங்கிள்?" என்று உதட்டைப் பிதுக்கினான். டெஸிபல் கணக்கு கொஞ்சம் தந்திரமானது. 10 குறைந்தால்தான் காதுக்குப் பாதிச் சத்தம் என்று தோன்றும். ஆனால் 3 குறைந்தாலே சத்தத்தின் சக்தி பாதியாகிவிடுகிறது. மெஷின் போட்ட காதுக்கு இந்த ஐந்து மகத்தான ஐந்து. இரைச்சலுக்கு அடியில் முழுகிக் கிடந்த பேச்சு தலையைத் தூக்கி மூச்சு விட அது போதும்.

பேச்சு மட்டுமா தலை தூக்கியது? 1958இல் டேவிட் ஓகில்வி என்ற விளம்பரக்காரர் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய விளம்பரம் பிரசித்தம். அறுபது மைல் வேகத்தில் அந்தக் காருக்குள் மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் பெரிது என்று அதில் பெருமையடித்திருந்தார். எனக்கு அது எச்சரிக்கை என்று இப்போதுதான் புரிந்தது. பெரிய சத்தம் அடங்கினதும், அதுவரை அதன் நிழலில் ஒளிந்திருந்த சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெல்ட்டின் கொக்கி, டாஷ்போர்டில் என்றோ விழுந்த நாணயம், இடது பின் கதவுக்குள் ஏதோ ஒரு 'டிக்'.

ஆகஸ்டில் ஊருக்குப் புறப்பட்டோம். "மெஷினைக் கழற்றாதேம்மா. பத்து நிமிஷம் பார்" என்று கெஞ்சினேன். அம்மா நம்பிக்கையில்லாமல் சம்மதித்தாள். தாம்பரத்தில் தம்பி ஏறிக்கொண்டு வழக்கம்போல முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

எங்கள் சௌகரியத்தை இப்போது சொல்லியாக வேண்டும். அப்பா போன பிறகு ஊர் வீடு அம்மா பேரில் இருக்கிறது. தம்பிக்கு மகள் படிப்புக்குப் பணம் தேவை. எனக்கும் ஓட்டு மாற்றிக் கட்டுப்படியாகவில்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கே? காரில். அம்மாவுக்கு மூன்றடி முன்னால் உட்கார்ந்துகொண்டு, வாய்க்கு நேரே காது வைத்து, விலை பேசினோம், ஆள் பார்த்தோம், எப்போது அம்மாவிடம் சொல்வது என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

வண்டியில் செய்த வேலை தம்பிக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். என் காரின் நிசப்தத்தில் மயங்கி மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். மறந்தேனா, மறந்த மாதிரி இருந்தேனா என்று என் மனைவிக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு.

மதுராந்தகம் தாண்டியது. எண்பதில் போகிறோம். தம்பி என் பக்கம் சாய்ந்து, பழக்கப்பட்ட குரலில், "மேலத் தெருக்காரர் நாற்பதுக்கு இறங்கி வந்துட்டார் அண்ணா. இந்தத் தடவை முடிச்சுடலாம்" என்றான்.

பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"தென்னைமரம் நாலும் சேர்த்தா?"

தம்பி திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை, எனக்காவது ஸ்டியரிங் என்று ஒரு சாக்கு இருந்தது. இடது கதவுக்குள் 'டிக், டிக்' என்று கேட்டது. இத்தனை செலவழித்து அடக்கின இரைச்சல் அந்த நிமிஷம் திரும்பி வந்தால் தேவலை என்றிருந்தது.

"எப்பேர்ந்தும்மா தெரியும்?" என்று கடைசியில் கேட்டேன்.

"போன வருஷமே. காது கேக்கலேன்னா என்ன? உங்க ரெண்டு பேர் முதுகும் எதிர்லேதானே இருக்கு? நல்ல விஷயம் பேசறவங்க அப்படிக் குனிஞ்சுக்க மாட்டாங்க."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் கேக்கலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

திண்டிவனம் வரை யாரும் பேசவில்லை. அது பழைய மௌனம் இல்லை. பிறகு அம்மாவே ஆரம்பித்தாள். தம்பி மகளுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், எப்போது என்று கேட்டாள். எனக்குத் தெரியாத கணக்கை எல்லாம் அவன் அவளிடம் சொன்னான். பண்ருட்டி போகிற வரைக்கும் பேச்சு. அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லிப் பலாச்சுளை வாங்கினாள். சுளையை எங்களுக்குப் பங்கிடும்போது, "விக்கறதானா விக்கலாம். ஆனா அந்த மனுஷன் என்கிட்டே வந்து பேசட்டும். மரத்தை நான்தான் விலை சொல்லுவேன்" என்றாள். பிறகு என்னிடம், "இந்தக் கதவுக்குள்ளே என்னவோ ஆடறது, பாருடா. தலைவலி" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மேலத் தெருக்காரர் வருவதாகச் செய்தி வந்தது. அம்மா திண்ணையில் பாய் விரிக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து, மெஷினுக்குப் புது பாட்டரி இரண்டு எடுத்துக்கொண்டாள்.