தந்தையும் மகளும் ஒரு துவக்கும்

ஆயுதம் பழகுதல் நெடுங்காலமாக வீரத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டு வந்துள்ளது. வாளும் வேலும் பழகிய காலத்து மனிதன் போர்க்களத்தை மனத்திற் கொண்டு பழகினான். ஐக்கிய அமெரிக்காவிலே இன்று கைத்துப்பாக்கி பழகச் செல்வோருட் பெரும்பாலோர் மனத்திற் கொண்டிருப்பது தம் வீட்டின் பின்கதவையே. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், போர்க்களத்தில் எதிரே நிற்பவன் பகைவன் என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டுவிடுகின்றது. வீட்டிலோ, இருளில் நடமாடும் உருவம் யாருடையது என்பதே முதற்கேள்வியாகிவிடுகின்றது. அக்கேள்விக்கு விடை தேடி ஒரு தந்தையும் மகளும் இரண்டு நாட்கள் ஒரே வாங்கில் அமர்ந்து பாடங்கேட்டனர்.

தந்தை யாழ்ப்பாணத்திற் பிறந்து, கொழும்பில் எழுதுவினைஞராகப் பணியாற்றி, 1984 ஆம் ஆண்டில் நாட்டைவிட்டு வெளியேறியவர். அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரின் புறத்தே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் வாழ்ந்து வருபவர். மனைவி இறந்து பதினான்கு மாதங்களாகியிருந்தன. மகள் அந்நகரின் மறுபுறத்தே, மருத்துவமனையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பணிபுரிபவள். ஓரிரவு யாரோ பின்கதவின் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடினர். உள்ளே எவரும் வரவில்லை. ஒரு பொருளும் போகவில்லை. மறுநாட்காலை தந்தை தொலைபேசியில் மகளை அழைத்தார்.

"பிள்ளை, நான் ஒரு துவக்கு வாங்கப் போறன்."

துவக்கு என்ற சொல்லைத் தந்தையின் வாயிலிருந்து அவள் அதற்குமுன் கேட்டதில்லை. சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர் கூறினாள்:

"வாங்கலாம் அப்பா. ஆனா முதல்ல பழகவேணும். நானும் உங்களோட வாறன்."

அரிசோனாவின் சட்டம் அவரிடம் இத்தகைய பயிற்சி எதனையும் கேட்கவில்லை. இருபத்தொரு வயது நிரம்பி, சட்டத்தால் விலக்கப்படாத எவரும் அனுமதிப்பத்திரமின்றியே அங்கு கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு நடமாடலாம். 2010 ஆம் ஆண்டு முதல் அங்குள்ள நிலை அதுவே. விற்பனையாளர் செய்விக்கும் பின்னணிச் சோதனையிலே தேறினால், வாங்கிய அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். சட்டம் கேளாத ஒன்றை மகள் கேட்டாள். ஏன் கேட்டாள் என்பதை அவள் அப்போது கூறவில்லை, தந்தையும் வினவவில்லை.

தற்காப்புக்கான கைத்துப்பாக்கிப் பயிற்சி தனியொரு கல்வியாக வளர்ந்ததில் அரிசோனாவுக்குக் குறிப்பிடத்தக்க இடமுண்டு. முன்னாட் கடற்படைத் துருப்பு அதிகாரியான ஜெவ் கூப்பர் 1976 இல் அம்மாநிலத்தின் போல்டன் என்ற ஊரருகே பயிற்சிக் கல்லூரியொன்றை நிறுவினார். கலிபோர்ணியாவிலே ஜாக் வீவர் என்ற பொலிஸ் அதிகாரி போட்டிகளில் இரு கைகளாலும் துப்பாக்கியைப் பற்றி, குறிகாட்டி வழியே பார்த்துச் சுட்ட முறையைக் கூப்பர் ஆராய்ந்து பாடமாக்கினார். திரைப்படங்களில் வருவது போல் இடுப்பிலிருந்து ஒற்றைக் கையாற் சுடும் பழக்கம் அதன்பின் மதிப்பிழந்தது. எனினும் அவர் பெயரால் இன்று பெரிதும் நினைவுகூரப்படுபவை நான்கு விதிகளே. துப்பாக்கி எதுவாயினும் அதில் ரவை உண்டென்றே கொள்ள வேண்டும். அழிக்க மனமில்லாத எதன்மீதும் குழல்வாய் திரும்பலாகாது. குறி இலக்கிற் பதியும்வரை விரல் விசையைத் தொடலாகாது. இலக்கு யாது, அதற்கப்பால் இருப்பது யாது என்பவற்றை ஐயமற அறிந்திருக்க வேண்டும்.

நகருக்கு வெளியே, கள்ளிச் செடிகள் நிறைந்த வெளியொன்றில் அமைந்திருந்தது அந்தச் சூட்டுத் திடல். பன்னிரண்டு பேர் வந்திருந்தனர். முதல்நாள் முற்பகல் முழுவதும் ஒருவர் கையிலும் உண்மையான துப்பாக்கி கொடுக்கப்படவில்லை. நீல நிறத்தில் வார்க்கப்பட்ட போலித் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு, அவற்றை எடுத்தல், நீட்டல், விரலை விசைக்கு வெளியே நேராக வைத்திருத்தல் என்பனவற்றையே திரும்பத் திரும்பச் செய்தனர். ஆயுதம் பழக வந்தவர்களுக்குத் தொடாதிருத்தலே முதற்பாடமாக அமைந்தது. ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரியான பயிற்றுநர் சட்டத்தையும் சுருக்கமாக விளக்கினார். பொருளை மட்டுங் காப்பதற்காக உயிரைப் பறித்தலை அம்மாநிலச் சட்டம் ஏற்பதில்லை. தன்னுயிருக்கோ பிறருயிருக்கோ உடனடி ஆபத்து உண்டென நியாயமான மனிதன் ஒருவன் நம்பக்கூடிய நிலை வேண்டும். ஆபத்து நீங்கிய கணமே அவ்வுரிமையும் நீங்கிவிடும்.

பிற்பகலில் ரவைகள் கொடுக்கப்பட்டன. மகளின் கை உறுதியாக இருந்தது. நரம்பு தேடி ஊசியேற்றிப் பழகிய கை அது. தந்தையின் சூடுகளோ இலக்குக்குக் கீழே மண்ணிற் புதைந்தன. பயிற்றுநர் அவரது ரவைக்கூட்டை வாங்கி, அவரறியாமல் உண்மையான ரவைகளினிடையே சில வெற்று ரவைகளைச் செருகிக் கொடுத்தார். வெற்று ரவை வந்தபோது வெடியோசை எழவில்லை. ஆனால் துப்பாக்கியின் முனை மட்டும் தாழ்ந்து குனிந்தது. வெடிக்குமுன்னரே வெடிக்கு அஞ்சிக் கை தள்ளிவிடுகின்றது என்பதை அவரே தம் கண்ணாற் கண்டார். பலருக்கும் பொதுவான குறைதான் அது. ஏனையோர் சிரித்துக்கொண்டு திருத்திக் கொண்டனர். தந்தை சிரிக்கவில்லை.

மாலையில் வகுப்பறைப் பலகையிலே பயிற்றுநர் இரண்டு எண்களை எழுதினார். ஒன்று 21 அடி. மற்றது ஒன்றரைச் செக்கன். சோல்ட் லேக் நகரப் பொலிஸ் அதிகாரியான டெனிஸ் டுவெலர் செய்து பார்த்த சோதனை அது. கத்தியேந்திய ஒருவன் 21 அடித் தூரத்தை ஏறத்தாழ ஒன்றரைச் செக்கனில் ஓடிக் கடந்துவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் அதேயளவு நேரம் செல்லும். அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்ட ஆண்டையும் பயிற்றுநர் பலகையில் எழுதினார். 1983.

ஆகவே, வீட்டினுள் யாரேனும் நுழைந்தாற் செய்யத்தக்கது தேடிச் செல்வதன்று. குடும்பத்தாரை ஓர் அறையிற் சேர்த்து, கதவைப் பூட்டி, பொலிசாரை அழைத்து, கட்டிலின் பின்னால் மறைந்து காத்திருப்பதே என்றார் பயிற்றுநர்.

திரும்பும் வழியில் மகளே மோட்டார் வண்டியை ஓட்டினாள். வெகுதூரம் கடந்தபின் தந்தை பேசினார். 1983 யூலை 25 ஆம் திகதி வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் ஆறு பேர் அவ்வாறே இருந்தனர். கதவுக்குக் குறுக்கே அலுமாரி நகர்த்தப்பட்டிருந்தது. தெருவில் ஆரவாரம். அழைப்பதற்குப் பொலிஸ் இருக்கவில்லை. அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டி ஒருவர் வாசலில் வந்து நின்று, அந்த வீட்டார் முன்னரே போய்விட்டனர் என்று வந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். அவ்வளவுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தந்தை மகளிடம் சொல்லாத செய்தி அது.

"எங்களிட்ட ஒரு துவக்கு இருந்திருந்தா, அண்டைக்கு ஒருத்தரும் தப்பியிருக்கமாட்டம்" என்றார். சிறிது நேரங் கழித்து, "சில வேளை தப்பியிருப்பமோ, தெரியாது" என்றும் சொன்னார்.

மகள் மறுமொழி கூறவில்லை. துவக்கு என்பது தந்தைக்கு அப்பின்கதவின் கண்ணாடியோடு மட்டும் தொடர்புடையதன்று என்பது அவளுக்கு விளங்கிற்று.

இரண்டாம் நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைத் தாள் கொடுக்கப்பட்டது. தத்தம் வீட்டின் படத்தை வரைந்து, யார் எங்கே உறங்குகின்றனர் என்பதைக் குறித்து, எந்தத் திசைகளிற் சுடவே கூடாது என்பதைச் சிவப்பு மையினாற் காட்டுமாறு பயிற்றுநர் பணித்தார். நான்காம் விதியின் செய்முறை அது. அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச் சட்டங்களின்மேல் சாந்துப் பலகை அறையப்பட்டவை. கைத்துப்பாக்கியின் சன்னத்தை அவை தடுத்து நிறுத்துவதில்லை. கள்வனை நோக்கிச் செல்லும் சன்னம் அடுத்த அறையிற் பிள்ளை படுத்திருக்கும் கட்டிலையும் சென்றடையலாம்.

மகள் தான் வளர்ந்த வீட்டையே வரைந்தாள். ஒரே வீட்டின் இரு படங்கள் அருகருகே கிடந்தன. சுவர்களும் கதவுகளும் பொருந்தியிருந்தன. ஒன்று மட்டும் வேறுபட்டது. தந்தை உறங்கும் இடத்தை அவள் படுக்கையறையிற் குறித்திருந்தாள். அவரோ கூடத்தில், தொலைக்காட்சிக்கு எதிரேயுள்ள சாய்கதிரையிற் குறித்திருந்தார். படுக்கையறையின்மீது 'அம்மாவின் அறை' என்று எழுதியிருந்தார். பதினான்கு மாதங்கள் கிழமைதோறும் அவ்வீட்டுக்குச் சென்றுவந்த மகள் அதனை ஒரு பயிற்சித்தாளிலிருந்து அறிந்து கொண்டாள்.

இறுதி வகுப்பு துப்பாக்கியைப் பாதுகாத்து வைக்கும் முறை பற்றியது. பூட்டுப் பெட்டிகளைக் காட்டி முடித்தபின், குரலைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும் பயிற்றுநர் கூறிய செய்தி அங்கிருந்தோர் பலர் எதிர்பாராதது. ஐக்கிய அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டிலே துப்பாக்கியால் இறந்தோர் ஏறத்தாழ 46,700 பேர். அவர்களுள் ஏறத்தாழ 27,300 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக் கொண்டவர்கள். கொலையுண்டோரின் தொகை அதனிலும் குறைவு. "வீட்டில் ஒருவர் துயரத்தில் இருந்தால், நோயில் இருந்தால், அக்காலம் கழியும்வரை துப்பாக்கி அவ்வீட்டில் இருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இதிலே வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை" என்றார் அவர்.

தந்தை மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தன் தாளையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏறிய பின்னர் தந்தையே தொடங்கினார்.

"நீ ஏன் வந்தனி எண்டு இப்ப விளங்குது."

"கள்ளனுக்குப் பயந்து நான் வரேல்லை அப்பா."

"நான் அப்பிடிச் செய்யிற ஆளில்லை, பிள்ளை."

"ஆஸ்பத்திரிக்கு வாற ஆக்களின்ர வீட்டுக்காரரும் அப்பிடித்தான் சொல்லுறவை. தங்கட ஆள் அப்பிடிச் செய்யிற ஆளில்லை எண்டு."

வண்டி அங்கேயே நின்றது. அவள் அதனை இயக்கவில்லை. பயிற்சிக்கு வந்த ஏனையோர் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப் போயினர்.

"ஏன் அப்பா கதிரையில படுக்கிறியள்?"

தந்தை தம் கைகளைப் பார்த்தவாறிருந்தார். "கட்டில் பெரிசாக் கிடக்கு" என்றார்.

இருவரும் தேறியமைக்கான சான்றிதழ்களைப் பெற்றிருந்தனர். தந்தையின் கடைசிப் பத்துச் சூடுகளுள் ஏழு இலக்கிற் பதிந்திருந்தன. திடலின் வாயிலருகே இருந்த கடைக்குள் அவர் மீண்டும் இறங்கிச் சென்று, கண்ணாடிப் பெட்டியினுள் அடுக்கப்பட்டிருந்தவற்றைப் பார்த்தார். ஒன்றின் விலையையும் கேட்டார். மகள் வெளியே காத்து நின்றாள். அவர் வெறுங்கையோடு திரும்பினார். "பிறகு பார்ப்பம்" என்றார். வாங்குவேன் என்பதோ வாங்கேன் என்பதோ அதற்குப் பொருளன்று. அவளும் அதனை வற்புறுத்தித் தெளிவிக்க முனையவில்லை.

இத்தகைய பயிற்சிகளைப் பற்றி இருவேறு கருத்துக்கள் அந்நாட்டில் நெடுங்காலமாக நிலவுகின்றன. ஆயுதமேந்தும் தனிமனித உரிமையை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008 இல் ஹெலர் வழக்கில் உறுதிப்படுத்திற்று. அத்தீர்ப்பைப் போற்றுவோர், அஞ்சி ஒடுங்கி வாழும் குடிமகனுக்குப் பயிற்சி தன்னம்பிக்கை தருகின்றது என்பர். மறுப்போர், அச்சத்தையே அது வளர்க்கின்றது என்பர். தந்தையும் மகளும் கண்டது இவ்விரண்டினும் அடங்காதது. சுவருக்கப்பால் யார் உறங்குகின்றார் என்பதை அறிந்துகொள் என்று ஒரு விதி அவர்களைப் பணித்தது; அதனை அறிய முயன்றபோது, ஒரே குடும்பத்தவராகிய தாம் ஒருவரையொருவர் எவ்வளவு அறியாதிருந்தனர் என்பது வெளிப்பட்டது. அவ்வறிவைப் பெறுவதற்குச் சூட்டுத் திடல் வரை செல்ல வேண்டியிருந்தமை வருந்தத்தக்கதே. ஆயினும் சென்றமையால் அது பேசப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் தந்தையின் வீட்டுக்கு வந்தாள். பின்கதவின் கண்ணாடி இருந்த இடத்திலே தச்சர் ஒருவர் கனத்த மரப்பலகை பொருத்திச் சென்றிருந்தார். தந்தையும் மகளுமாகப் பெரிய கட்டிலின் ஆணிகளைக் கழற்றி, பலகை பலகையாக வெளியே கொண்டுவந்து அடுக்கினர். பின்னர், சிறுமியாயிருந்த காலத்தில் அவள் படுத்த ஒற்றைக் கட்டிலை ஆளுக்கொரு தலைப்பிற் பிடித்து அந்த அறைக்குள் கொண்டு சென்றனர். வாசற்படியில் அது சிறிது தடைப்பட்டது. தந்தை சரித்துப் பிடிக்கச் சொன்னார்; அவள் சரித்துப் பிடித்தாள்.