படப்பிடிப்புக்கு நிலம் கேட்டால் கொடுக்கலாமா?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். அவருடைய மக்காச்சோளக் காட்டில் இருபது நாள் படம் எடுக்க ஒரு சினிமா கம்பெனி கேட்கிறதாம். பயிரின் நடுவில் கொஞ்சம் இடத்தை அழித்து வீடு போல செட் போடுவார்களாம். நல்ல தொகை பேசியிருக்கிறார்கள். 'கொடுக்கலாமா, நிலம் கெட்டுப் போகுமா?' என்பது அவர் கேள்வி. நாலு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால், இதே மாதிரி ஒரு மக்காச்சோளக் காட்டை அழித்துப் படம் எடுத்த இடத்தையும், எடுத்த படத்தை அதே இடத்தில் திரை கட்டிப் போட்டதையும் நேரில் பார்த்தவன் நான். அதைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

அமெரிக்காவில் அயோவா என்று ஒரு மாநிலம். மக்காச்சோளமும் சோயா மொச்சையும் பன்றி வளர்ப்பும்தான் அங்கே பிழைப்பு. என் மகள் அங்கே ஏம்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அவளைப் பார்க்க என் மனைவி, பெரியண்ணன், நான் மூவரும் போனோம். அண்ணனுக்கு அறுபத்தைந்து வயது. பெரம்பலூர் பக்கம் எங்கள் ஊரில் நாலரை ஏக்கர் கரிசல் மானாவாரிக் காட்டை இன்றும் அவர்தான் பார்க்கிறார். விமானத்தில் ஏறவே மாட்டேன் என்றவரை, 'மக்காச்சோளம் எப்படிப் போடுறாங்கன்னு பாக்கலாம் வாங்க' என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

ஜூலை கடைசி வாரம். ஏம்ஸிலிருந்து கிழக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் டயர்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கேதான் 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற படத்தை 1988 கோடையில் எடுத்தார்கள். 1989-ல் வெளிவந்தது. கெவின் காஸ்ட்னர் கதாநாயகன், ஃபில் ஆல்டன் ராபின்சன் இயக்குநர். முப்பது வருடம் கழிந்தும் அந்தப் படத்துக்கென்று ஒரு கூட்டம் இருக்கிறது. படம் எடுத்த காட்டைக் கோயிலுக்குப் போவது போலப் பார்க்க வருகிறார்கள். நாங்கள் போன அன்று இரவு, அந்த மைதானத்திலேயே திரை கட்டி அந்தப் படத்தைப் போடுவதாக மகள் விசாரித்து வைத்திருந்தாள்.

வழி நெடுக அண்ணன் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று மணி நேரமும் இரண்டு பக்கமும் மக்காச்சோளம், விட்டால் சோயா. வேறு ஒன்றும் இல்லை. ஒரு கிணறு இல்லை, மோட்டார் கொட்டகை இல்லை. 'தண்ணி எங்கடா?' என்றார். அயோவாவில் பெரும்பாலும் மானாவாரிதான். வருட மழை ஏறக்குறைய நம் தமிழ்நாட்டு மழை அளவுதான். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுக்குப் பயிர் நிற்கிற மாதங்களில் பரவலாகப் பெய்கிறது. மண்ணும் ஆழமான கறுப்புப் புல்வெளி மண். சொல்லப்போனால், தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு நிலத்தடியில் குழாய் பதித்திருக்கிறார்கள். நாம் தண்ணீருக்காக ஆயிரம் அடி போர் போடுகிறோம், அவர்கள் வடிகாலுக்காகக் குழாய் புதைக்கிறார்கள். இதைக் கேட்டு அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வரிசைக்கு வரிசை இரண்டரை அடி, ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்கு மேல் செடி. நாம் 60-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டால் ஏக்கருக்கு இருபத்தாறாயிரம் சொச்சம் வரும். செடி எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. மகசூலில்தான் இருக்கிறது. அங்கே நல்ல ஆண்டில் ஏக்கருக்கு 200 புஷல், அதாவது ஐந்து டன். மானாவாரியில் நமக்கு இருபது இருபத்தைந்து குவிண்டால் வந்தாலே கும்பிட்டுக்கொள்கிறோம். ஆனால் அங்கே வருடத்துக்கு ஒரே போகம். பனிக்காலத்தில் நிலம் உறைந்து கிடக்கும்.

மைதானத்துக்குப் போனதும் அண்ணன் முதலில் செய்த காரியம், ஓரத்துச் செடியின் இலைகளைத் திருப்பிப் பார்த்ததுதான். பூ எடுத்து, ஆளை மறைக்கிற உயரத்தில் நின்றது பயிர். இலையில் ஓட்டை இல்லை, புழு எச்சம் இல்லை. 'இந்தப் படைப்புழுவே அமெரிக்காலேர்ந்துதான் வந்துச்சுன்னு நீதானே கூட்டத்துல பேசுன?' என்று என்னைப் பிடித்தார். உண்மைதான். 2018-ல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழுவுக்குப் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். ஆனால் அயோவாவின் குளிரில் அது உயிரோடு இருக்க முடியாது. தெற்கே வெப்பமான பகுதிகளிலிருந்து அந்துப்பூச்சி ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பறந்து வந்தாக வேண்டும். நமக்குக் குளிர்காலம் என்ற அந்தக் காவல்காரன் இல்லை.

பேஸ்பால் மைதானம் என்றால் நம் கிரிக்கெட் மைதானத்தை மூலையில் மடித்து வைத்தது போலிருக்கும். என் கண் மதிப்பில் மூன்று ஏக்கர். பின்னால் ஒரு வெள்ளை மரவீடு. எதிர்ப்புறம் மைதானம் முடிகிற இடத்தில் வேலி கிடையாது. மக்காச்சோளம்தான் வேலி.

இருட்ட எட்டரைக்கு மேல் ஆகிவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் மடக்கு நாற்காலியும் போர்வையும் கொண்டுவந்து புல்லில் உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. காற்று அசையவில்லை, ஒரே புழுக்கம். பூக்கும் பருவத்தில் ஒரு ஏக்கர் மக்காச்சோளம் நாளொன்றுக்குப் பதினோராயிரம் முதல் பதினைந்தாயிரம் லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளியே விடும். நாங்கள் அந்த ஆவிக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தோம். மின்மினிப் பூச்சிகள் வேறு. படம் தொடங்கும் வரை பிள்ளைகள் பயிருக்குள் ஓடி மறைவதும் திடீரென்று வெளியே வருவதுமாக விளையாடினார்கள். அது படத்தில் வருகிற காட்சி.

கதை இதுதான். புதிதாக விவசாயத்துக்கு வந்த இளைஞன் ரே. ஒருநாள் சாயங்காலம் சோளக்காட்டில் நிற்கும்போது ஒரு குரல் கேட்கிறது. நீ அதைக் கட்டினால் அவன் வருவான் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறது. அவன் நிற்கிற பயிரை டிராக்டர் விட்டு அழித்து மைதானம் கட்டுகிறான். 1919-ல் பணம் வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் எட்டு ஆட்டக்காரர்களை வாழ்நாள் முழுக்க விளையாடக் கூடாது என்று விலக்கிவைத்தார்கள். அது நிஜமாக நடந்தது. அவர்களில் ஒருவரான ஷூலெஸ் ஜோ ஜாக்சன், செத்துப்போனவர், சோளக்காட்டுக்குள்ளிருந்து நடந்து வருகிறார். கடைசியில், இளம் வயதில் சண்டை போட்டுப் பிரிந்து, சமாதானம் ஆகாமலே இறந்துபோன ரேயின் அப்பாவும் வருகிறார். மகனும் அப்பாவும் பந்து எறிந்து பிடித்து விளையாடுகிறார்கள்.

அண்ணனுக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தாள். ரே டிராக்டரைப் பயிருக்குள் விட்டபோது அண்ணன் சத்தமாகவே, 'அடப்பாவி, நிக்கிற பயிரையா?' என்றார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் காட்சிக்கு மற்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். விவசாயி ஒருவருக்குத்தான் வயிறு எரிந்தது.

எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது பேய்க்கதை இல்லை, கடன் கதை. மைதானம் போக மிச்ச நிலத்தில் வருவது கடனுக்குப் போதாது. மனைவியின் அண்ணன் வந்து, 'விற்றுவிடு, இல்லாவிட்டால் நிலம் ஜப்தி ஆகும்' என்று நெருக்குகிறான். இது சினிமாவுக்காகச் சேர்த்தது இல்லை. எண்பதுகளில் அயோவா விவசாயிகள் நிலத்தை அடமானம் வைத்து, கொழுத்த வட்டிக்கு வாங்கிய கடனில் மூழ்கினார்கள். 1981-ல் சராசரியாக ஏக்கர் 2,147 டாலர் விற்ற நிலம் 1986-ல் 787 டாலருக்கு இறங்கியது. நிலத்தின் மதிப்பு விழுந்ததும் வங்கிகள் கழுத்தைப் பிடித்தன. அன்று அங்கே உட்கார்ந்திருந்த வயதானவர்களில் சிலர் அந்தக் காட்சியில் அசையாமல் இருந்ததைக் கவனித்தேன்.

படம் எடுத்த 1988 கடும் வறட்சி ஆண்டு. முந்தைய வருடம் ஏக்கருக்கு 130 புஷல் எடுத்த மாநிலம் அந்த வருடம் 84 புஷல்தான் எடுத்தது. ஆட்கள் மறையும் உயரத்துக்குப் பயிர் வேண்டும், பயிரோ வளரவில்லை. சுற்றுவட்டாரத்தில் பயிர் காய, சினிமாக்காரர்கள் தங்கள் காட்டுக்கு மட்டும் தண்ணீர் விட்டு வளர்த்தார்கள். புதிதாகப் பதித்த புல்லும் காய்ந்து பழுப்பாகிவிட, அதற்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள். நாம் யாராவது பயிருக்குப் பச்சைச் சாயம் அடித்து மகசூல் எடுக்க முடியுமா? படத்தின் கடைசியில் அடிவானம் வரை கார் விளக்குகள் வரிசையாக வரும். அதற்கு உள்ளூர் மக்கள்தான் சுமார் 1,500 கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

தேனி வாசகருக்கு உபயோகமான சங்கதி இனிமேல்தான். அந்த மைதானம் ஒரே ஆளின் நிலத்தில் இல்லை. இரண்டு குடும்பங்களின் நிலத்தில், எல்லைக்கோடு நடுவில் ஓட அமைந்திருந்தது. படம் முடிந்ததும் ஒரு குடும்பம் தன் பகுதியை அப்படியே விட்டுவைத்தது. மற்றவர் தன் பங்கை உழுது மறுபடி மக்காச்சோளமே போட்டுவிட்டார். பார்வையாளர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் அவரும் திரும்பப் புல் வளர்த்தார். பிறகு இரண்டு பக்கமும் தனித்தனிக் கடை, மனஸ்தாபம், பல வருட இழுபறி. கடைசியில் நிலம் கைமாறி ஒரே நிறுவனத்திடம் போனது. 2021 ஆகஸ்டில் பக்கத்துச் சோளக்காட்டில் எட்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம் கட்டி, நிஜமான தொழில்முறை ஆட்டமே நடத்தினார்கள்.

ஆகவே ஐயா, நிலம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சென்ட், எத்தனை நாள், நாள் தாண்டினால் எவ்வளவு என்று தெளிவாக இருக்க வேண்டும். அழியும் பயிருக்கு இன்றைய செலவை மட்டும் கணக்குப் போடாதீர்கள், அறுவடையில் வரவேண்டிய மகசூலுக்குப் போடுங்கள். நாமே அழித்த பயிருக்குப் பயிர்க் காப்பீடு வராது. இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டும்தான். அவர்கள் விளக்குக்கு உங்கள் மோட்டார் இணைப்பைத் தொடவே விடாதீர்கள், ஜெனரேட்டர் கொண்டுவரட்டும். அந்த வேனும் லாரியும் ஈர மண்ணில் ஏறி இறங்கினால் அடிமண் இறுகிவிடும். பிறகு காய்ந்த நேரம் பார்த்து உளிக்கலப்பை போட வேண்டியிருக்கும். அந்தக் கூலியையும் இப்போதே பேசுங்கள். ஆணி, கம்பி, உடைந்த பல்புக் கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்த பிறகே கடைசித் தவணையை அவர்கள் தீர்த்ததாக எழுதித் தாருங்கள். வரப்பு பொதுவாக இருந்தால் பக்கத்துக் காட்டுக்காரரைக் கலக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டயர்ஸ்வில்லில் ஆனது தெரிந்ததுதானே. குத்தகைக்கு யாராவது பயிர் செய்தால், பயிருக்கான பணம் அவருடையது.

படம் முடிந்து விளக்குப் போட்டபோது பல ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அழவில்லை. எழுந்து போய்ச் சோளக்காட்டு ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். எங்கள் நாலரை ஏக்கரில் ரோட்டோரம் இருக்கிற இரண்டு ஏக்கரை மனைக்குக் கொடுத்துவிடலாம் என்று அவருடைய மகன் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சில் அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. திரும்பி வரும்போது காரில், 'அந்த இன்னொருத்தன், திரும்ப உழுதவன், அவன் ஏன் உழுதான்?' என்று கேட்டார். 'பயிர் வைக்கிற நிலம், அதான் உழுதிருப்பார்' என்றேன். 'அப்புறம் ஏன் புல்லு வச்சான்?' என்றார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டார்.

ஒரு கதிரை ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். விதையோ கதிரோ அனுமதியில்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது, தாவரத் தடுப்புக்காப்பு விதி இருக்கிறது என்று சொல்லித் தடுத்தேன். மறுநாள் டயர்ஸ்வில் ஊருக்குள் இருக்கும் தேசிய விவசாயப் பொம்மை அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். பொம்மை டிராக்டர் செய்வதில் பேர்போன ஊர் அது. அங்கே பேரனுக்கு ஒரு பச்சை டிராக்டர் வாங்கினார். விலை கேட்டு அதிர்ந்துவிட்டு, இருந்தாலும் வாங்கினார்.

ஊர் திரும்பிய பிறகு, அந்தப் பொம்மையைக் கொடுக்கும் சாக்கில் மகன் வீட்டுக்குப் போனாராம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. புரட்டாசிப் பட்டத்தில் நாலரை ஏக்கருக்கும் மக்காச்சோளம் ஊன்றியாகிவிட்டது. ரோட்டோர இரண்டு ஏக்கரிலும்தான். மருந்தடிக்க மகன் இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தான். புரோக்கர் மறுபடி வந்தபோது அண்ணன், 'கதிர் ஒடிச்சு முடிக்கட்டும், தை கழிச்சு வாங்க' என்று அனுப்பிவைத்ததாகப் போனில் சொன்னார்.