சோனகத் தெருவிலிருந்து பண்ணைப் பாலம் வரை



அரபுக் கல்லூரி மாணவிகளுக்கு ஒருநாள் அந்தலூஸ் வரலாற்றைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இஷ்பீலிய்யா நகரத்தைப் பற்றிய பாடம் அது. இன்று ஸ்பெயினில் அதைச் செவில்யா என்பார்கள். 712ஆம் ஆண்டு முதல் 1248 வரை முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த நகரம். அதன் நடுவே ஓடும் ஆற்றுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'வாதி அல்கபீர்', அதாவது பெரிய ஆறு. ஸ்பானியர் நாவில் அது 'குவாதல்கிவிர்' ஆகிவிட்டது. ஆட்சி போய்விட்டது, பெயர் மட்டும் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஹஸரத், அந்த ஆற்றங்கரையில் இப்போது என்ன நடக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"ஓடுகிறார்கள்" என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது.

உண்மையைத்தான் சொன்னேன். செவில்யாவில் ஆற்றின் இரு கரையிலும் நடப்பதற்கும் ஓடுவதற்கும் பாதைகள் உண்டு. கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும் ஊர் என்பதால், ஆண்களும் பெண்களும் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் ஓடுகிறார்கள். அவர்கள் கடந்து போகும் பன்னிரண்டு பக்கக் கோபுரம் 'பொற்கோபுரம்'. 1220ஆம் ஆண்டளவில் முவஹ்ஹிதீன்கள் ஆற்றுக் காவலுக்காகக் கட்டியது. சற்று உள்ளே பெரிய பள்ளியின் மினாரா நிற்கிறது. அதில் ஏறுவதற்குப் படிக்கட்டுக்குப் பதிலாகச் சரிவுப் பாதை அமைத்தார்கள். குதிரையில் அமர்ந்தபடியே மேலே போகலாம். இன்று அது தேவாலயத்தின் மணிக்கோபுரம்.

மாமியின் சீனி வருத்தம்

அன்று மாலை வீட்டிலும் நடைப்பேச்சுத்தான். மாமிக்குச் சீனி வருத்தம். தினமும் அரை மணி நேரம் நடக்கவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமியோ, "ரோட்டுல நான் நடந்தா ஆக்கள் என்ன சொல்லுவாங்க, மருமகன்?" என்று கேட்டுவிட்டு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நான் சொன்னேன்: "மாமி, நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். முதல் தடவை ஆயிஷா (ரலி) முந்திக்கொண்டார்கள். சில காலம் கழித்து, அவர்களுக்குச் சற்று உடல் போட்ட பிறகு, நாயகம் முந்தினார்கள்; இது அன்றைக்குப் பதில் என்று சிரித்துப் பேசினார்கள். அபூதாவூதில் உள்ள ஹதீஸ் இது. ஸஃபா மர்வா இடையே ஓடியதும் யார்? பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் தேடிய ஒரு தாய், ஹாஜர் அம்மையார். ஏழு தடவை நடந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். உலகம் முழுவதிலும் இருந்து வரும் ஹாஜிகள் இன்றைக்கும் அந்தப் பெண்ணின் காலடியைப் பின்பற்றித்தானே நடக்கிறார்கள்?"

மாமி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நடக்கத்தான் வேணுமெண்டா எங்கட தெருவுல நடக்கிறன்" என்றார்.

'எங்கட தெரு' என்றது நாங்கள் குடியிருக்கும் புத்தளத்தை அல்ல. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவை.

ஒரே பெயர், ஒரே கதை

ஆங்கிலத்தில் அந்தத் தெருவுக்கு 'மூர் ஸ்ட்ரீட்' என்று பெயர். போர்த்துக்கேயர் தம் நாட்டிலும் அந்தலூஸிலும் எதிர்த்துப் போரிட்ட முஸ்லிம்களை 'மோரோ' என்பார்கள். கப்பலேறி இலங்கைக்கு வந்தபோது இங்கும் முஸ்லிம்களைக் கண்டு அதே பெயரைச் சூட்டினார்கள். ஆங்கிலேயர் அதை 'மூர்' ஆக்கினார்கள். செவில்யாவின் பெயர் ஒன்று யாழ்ப்பாணத்துத் தெருப்பலகையில் இருக்கிறது. நாம் காலில் போடும் 'சப்பாத்து'கூடப் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்தான்.

பெயரோடு கதையும் ஒத்துப்போனதுதான் துயரம். ஸ்பெயினில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்களை 1609 முதல் 1614 வரை நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். இங்கே 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்குரிய ஜின்னா மைதானத்துக்கு வரவழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தஞ்சமடைந்தார்கள். மாமி என் மனைவியை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்று நடந்தவர். அதன்பின் தேவைக்கு நடந்தாரே தவிர, நடக்க ஆசைப்பட்டு நடந்ததில்லை.

கல்லூரி விடுமுறைக்கு மூவரும் புறப்பட்டோம். மன்னார் வீதியால் பூநகரிக்குப் போய், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டிக் குடாநாட்டுக்குள் நுழைந்தோம்.

மூன்று பாதைகள்

செவில்யாவைப்போல யாழ்ப்பாணத்துக்குப் பெரிய ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு ஒன்றுதான் உண்டு. ஆனால் அல்லாஹ் பரவைக்கடலைக் கொடுத்திருக்கிறான். காலை நடைக்கு அதைவிட நல்ல துணை இல்லை.

முதல் பாதை சோனகத் தெருவுக்குள்ளேயே. சுபஹ் தொழுதுவிட்டு ஐந்து சந்தியிலிருந்து தொடங்கினால், தெருவுக்குத் தெரு சுற்றி அரை மணியில் வீடு திரும்பலாம். புதிதாக நடக்கத் தொடங்குபவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இதுவே போதும். களைத்தால் தட்டுவதற்குத் தெரிந்தவர் வீட்டுக் கதவு பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது, பண்ணைப் பாதை. நாவாந்துறைப் பக்கமாக வந்து கொட்டடி வழியே போனால் கோட்டையும் கடலும் தென்படும். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, ஐந்து மூலை வடிவில் திருத்திக் கட்டிய கோட்டை அது. அருகே துரையப்பா விளையாட்டரங்கும், 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகமும், சுப்பிரமணியம் பூங்காவும் இருக்கின்றன. கோட்டையைக் கடந்தால் வேலணைத் தீவுக்குப் போகும் பண்ணைப் பாலம். இரு பக்கமும் ஆழமில்லாத கடல். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை பார்க்கும் மீனவர், பக்கத்திலேயே கொக்குகள். ஓட விரும்பும் இளம்பெண்களுக்கு மேடு பள்ளமில்லாத இந்த வீதி வசதியானது. வாகனங்கள் போகும் வீதி என்பதால் ஓரமாகப் போகவேண்டும். முழுத் தூரமும் போகவேண்டியதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டால் அரை மணிக் கணக்குச் சரி. நிழல் கிடையாது, ஏழு மணிக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, விடுமுறை நாளுக்குரியது. காரைநகரில் உள்ள கசூரினாக் கடற்கரை. சவுக்கு மரங்களும் அலையடிக்காத கடலும் உள்ள இடம். உலர்ந்த மணல் காலை இழுக்கும். ஈரமணலில் நடந்தால் இலகு.

பொதுவாகச் சில வார்த்தை. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடவுங்கள். துணையும் ஆச்சு, நாள் தவறாமல் போகவும் முடியும். பர்தா நடைக்குத் தடையில்லை. கால் தடுக்காத அளவுக்கு இருந்தால் போதும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. வீடு வந்ததும் பாதத்தில் காயம், கொப்புளம் உண்டா என்று பாருங்கள். மருந்து எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சீனி திடீரெனக் குறையலாம். கையில் இரண்டு டொபி வைத்திருங்கள். ஓடத் தொடங்கும் முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமி திரும்பிய மூலை

முதல் இரண்டு நாளும் மாமி தெருவைச் சுற்றினார். ஒரு விடயத்தை என் மனைவிதான் கவனித்தாள். ஜின்னா மைதானப் பக்கம் வந்ததும் மாமி ஏதாவது ஒரு காரணம் சொல்லி வேறு வழியால் திரும்பிவிடுவார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பண்ணைக்குப் போனோம். பாலத்தருகே வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒரு தமிழ்ப் பெண்மணி, மாமியின் வயதுதான் இருக்கும், வேகமாக நடந்து வந்தவர் நின்று சிரித்தார்.

"அக்கா, எவடம் நீங்கள்?"

"ஐஞ்சு சந்தி."

"முந்தியே இருந்தனீங்களோ?"

"தொண்ணூறு வரைக்கும்" என்றார் மாமி.

அந்தப் பெண்மணியின் முகம் மாறியது. "நாங்களும் தொண்ணூற்றஞ்சில வெளிக்கிட்டனாங்கள், அக்கா. அதே ஒக்டோபர் முப்பது. மழைக்குள்ள, இரவிரவா, நடந்துதான்" என்றார். 1995இல் யாழ்ப்பாணத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஊரைவிட்டு வெளியேறிய நாள் அது. இருவரும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு, "நாளைக்கும் வருவீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டு அவர் போனார்.

அடுத்த நாள் மாமி எங்களுக்கு முன்பே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அன்றும் அதற்கடுத்த நாட்களிலும் இருவரும் பாலத்தில் சேர்ந்தே நடந்தார்கள். பேச்செல்லாம் முழங்கால் வலியும் பேரப்பிள்ளைகளும்தான். நானும் மனைவியும் பின்னால் வந்தோம்; சில சமயம் எட்டிப்பிடிக்க ஓடவும் வேண்டியிருந்தது.

புறப்படும் நாள் காலையில் மாமி பண்ணைக்கு வரவில்லை. "இண்டைக்கு இங்கதான்" என்று சொல்லி நேரே ஜின்னா மைதானத்துக்கு நடந்தார். உள்ளே சில பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மாமி ஓரமாக ஒரு சுற்று நடந்தார், நின்றார், இன்னொரு சுற்று நடந்தார். வாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும், "அண்டைக்கு இந்த இடம் இவ்வளவு பெரிசா இருந்துச்சு, மருமகன். நடந்து பார்த்தா சின்ன இடம்தான்" என்றார்.

மாணவிகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு சம்பவம் அப்போது நினைவுக்கு வந்தது. வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூனின் முன்னோர் இஷ்பீலிய்யாக்காரர்கள். நகரம் கைமாறுமுன் இடம்பெயர்ந்தவர்கள். ஹிஜ்ரி 765இல் கிரனாடா சுல்தானின் தூதராக அவர் அந்த ஊருக்குப் போனார். அரசன் பெத்ரோ அவரை மரியாதையோடு வரவேற்று, தன்னிடமே தங்கினால் முன்னோரின் சொத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அவர் ஏற்கவில்லை, மூதாதையரின் அடையாளங்களைக் கண்ணால் கண்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

2009இல் போர் முடிந்த பிறகு சோனகத் தெருவுக்குத் திரும்பியவர்களும் உண்டு; பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் புத்தளத்தில் வேரூன்றிவிட்டதால் திரும்பாதவர்களும் உண்டு. யாரையும் குறை சொல்ல முடியாது. உறுதிப்பத்திரம் காணி யாருடையது என்று சொல்லும். ஊர் நம்முடையது என்ற நெஞ்சின் உறுதி காலால் நடந்துதான் வரும். அஞ்சி ஒதுங்கிய மூலையைத் தாண்டி ஒரு சுற்று நடந்து பார்க்கவேண்டும். அந்த நடையை நம் வீட்டுப் பெண்களுக்கு மறுத்துவிடாதீர்கள் என்று ஆண்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

புத்தளம் வந்தும் மாமி நடையை விடவில்லை. அடுத்த விடுமுறை எப்போது என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். பண்ணையில் ஒருவர் காத்திருப்பாராம்.

இழந்த ஊர்களை அன்போடு மிதிக்கும் பாக்கியத்தையும், அதற்கு வலுவுள்ள கால்களையும் வல்ல நாயன் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.