மக்காச்சோளக் குருணையும் பூனைத்தலை பிஸ்கட்டும்

மலைக்குப் போவதென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். போடியிலிருந்து வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அமெரிக்காவின் ஷார்லட் நகரத்தில் இருக்கும் என் அடுக்ககத்தில் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறி, தூக்குச்சட்டியில் அடைத்து, கார் பின்சீட்டில் வைத்துவிட்டார்.

"நாம சாப்பிடுறதுக்காகத்தான்ப்பா அந்த ஊருக்கே போறோம்" என்றேன்.

"இருக்கட்டும்யா. அங்க என்னத்தை வச்சிருக்கானோ, யாரு கண்டா?"

2023 அக்டோபர் மாதம், ஒரு சனிக்கிழமை. நாங்கள் போன ஊர் ஆஷ்வில். வட கரோலினா மாநிலத்தின் மேற்குக் கோடியில், புளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஷார்லட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். ஊரின் உயரம் சுமார் 650 மீட்டர் என்றேன். "மேகமலையில பாதிகூட வரலையே" என்றார். பக்கத்தில் மிட்செல் என்றொரு சிகரம் இருக்கிறது, 2,037 மீட்டர், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதைவிட உயரமான இடமே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பயும் கொடைக்கானலுக்குக் கீழதான்" என்று பேச்சை முடித்துவிட்டார். வேளாண்மைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, உதவி வேளாண்மை அலுவலராக ஓய்வு பெற்றவர். மலையையும் மண்ணையும் பயிரையும் பற்றி அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

காலைச் சாப்பாட்டுக்கு மேற்கு ஆஷ்வில்லில், ஹேவுட் சாலையில் இருக்கும் 'பிஸ்கட் ஹெட்' கடைக்குப் போனோம். 2013-ல் தொடங்கிய கடை. வாசலில் வரிசை நின்றது. பிஸ்கட் தின்ன இவ்வளவு கூட்டமா என்று அப்பா மலைத்தார். அவருக்கு பிஸ்கட் என்றால் டீயில் முக்குகிற மேரி பிஸ்கட்டு. தட்டில் வந்ததோ ஒரு குழந்தையின் தலையணை மாதிரி இருந்தது. இதற்கு இங்கே 'பூனைத்தலை பிஸ்கட்' என்றே பெயர், அளவு பூனையின் தலைக்கு ஈடு என்று விளக்கினேன். தென்மாநிலத்துக் கிழவிகள் வைத்த பெயர் அது, கடைக்காரர் கண்டுபிடித்ததல்ல.

செய்முறை நம் பரோட்டாவுக்கு நேர் எதிரானது. பரோட்டா மாவை அடித்து, இழுத்து, வீசி, ஊறவைத்து வழிக்குக் கொண்டு வருகிறோம். பிஸ்கட் மாவை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவு நல்லது. குளிர்ந்த வெண்ணெயை மாவில் உதிர்த்து, மோர் ஊற்றி, பட்டும் படாமலும் சேர்த்து, சூடான அடுப்புக்குள் தள்ளிவிட வேண்டும். மாவும் புரதம் குறைந்த மென்கோதுமை மாவாக இருக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம், டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883-ல் பிறந்த 'ஒயிட் லில்லி' மாவைத் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடாத குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு.

பிஸ்கட்டுக்குத் தொட்டுக்கொள்ள கிரேவி. நம் ஓட்டல் கிரேவியை நினைத்துவிடக் கூடாது. பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பில் மாவைப் போட்டுக் கிளறி, பால் ஊற்றி, மிளகு தூவிய வெள்ளைக் குழம்பு அது. மலைக்காட்டில் மரம் வெட்டப் போனவன் மதியம் வரை தாங்குவதற்காக உண்டான சாப்பாடு. பழைய வழக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது: உப்பிட்ட பன்றித் தொடையைப் பொரித்த சட்டியில் கறுப்புக் காப்பியை ஊற்றிச் சுரண்டி எடுப்பது. அதன் பெயர் 'ரெட் ஐ' கிரேவி. அப்பா பன்றி தொடமாட்டார். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த ஒரு கிரேவி இருந்தது, அதை வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "இவன் தேங்கா போடுவான்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். வெண்ணெயும் ஜாமும் வரிசையாக வைத்திருந்த மேசைக்கு மூன்று முறை போய் வந்தார்.

பக்கத்துக் கிண்ணத்தில் கிரிட்ஸ் இருந்தது. அதைக் கரண்டியால் தூக்கி, வழியவிட்டுப் பார்த்தார். "மக்காச்சோளக் குருணைக் கஞ்சி. இதுக்கா வரிசையில நின்னோம்?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ஆனா பதமா வெந்திருக்கு."

அந்தக் கஞ்சிக்கு வயது அதிகம். இந்த மலைகள் செரோக்கி மக்களுடையவை. மக்காச்சோளத்தை மரச்சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்துத் தோலுரிப்பது, இடித்துக் கஞ்சியாக்குவது, பயறோடு சேர்த்து உருட்டி இலையில் கட்டி அவிப்பது எல்லாம் அவர்கள் கைப்பழக்கம். வந்து குடியேறிய ஐரோப்பியர்கள் சமையலைக் கற்றுக்கொண்டார்கள். சமைத்தவர்களில் பெரும்பாலோரை 1838-ல் மேற்கே விரட்டினார்கள். மலைக்குள் தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் இன்றும் ஆஷ்வில்லுக்கு மேற்கே செரோக்கி என்ற ஊரில் இருக்கிறார்கள்.

சாப்பிட்டதைக் கரைக்க ஊருக்குள் நடந்தோம். 1920களில் கட்டிய அழகான கட்டடங்கள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. இளஞ்சிவப்பு ஓட்டுக் கோபுரத்தோடு 1928-ல் கட்டிய நகர மன்றம், அதே கட்டடக் கலைஞர் டக்ளஸ் எலிங்டன் அடுத்த வருஷம் கட்டிய எஸ் அண்ட் டபிள்யூ உணவகக் கட்டடம். "இதையெல்லாம் இடிச்சு மால் கட்டாம எப்படி விட்டாங்க?" என்று கேட்டார் அப்பா. நியாயமான கேள்வி. இடிக்கக் காசில்லை என்பதுதான் பதில். 1930 நவம்பரில் ஊரின் பெரிய வங்கி திவாலானது. நகராட்சிப் பணத்தின் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. தலைக்கு மேல் போன கடனிலிருந்து தப்பிக்கச் சட்டத்தில் வழி தேடாமல், ஒரு காசு விடாமல் கட்டுகிறோம் என்று இந்த ஊர் முடிவெடுத்தது. கட்டி முடிக்க 1976 ஆகிவிட்டது. மற்ற ஊர்கள் பழையதை இடித்துப் புதியதை எழுப்பிய காலத்தில் ஆஷ்வில் தவணை கட்டிக்கொண்டிருந்தது. பின்னாளில் அந்தப் பழைய கட்டடங்களுக்குள்தான் அடுப்புகள் ஏறின. 2000-த்தில் 'டுப்பெலோ ஹனி', மறு வருஷம் 'எர்லி கேர்ள்' வந்தன. முன்னது சதுப்புநில மரமொன்றின் பூந்தேன், பின்னது சீக்கிரம் காய்க்கும் ஒரு தக்காளி ரகம். கிழவி வீட்டுச் சமையலை அக்கம்பக்கத்துப் பண்ணைக் காய்களோடு கடைக்குக் கொண்டு வந்தவர்களில் இவர்கள் முன்னோடிகள்.

மதியம் 'சாய் பானி'. மெஹர்வான் இரானி 2009-ல் தொடங்கிய இந்தியச் சிற்றுண்டிக் கடை. 2022-ல் ஜேம்ஸ் பியர்ட் விருதுகளில் நாட்டிலேயே தலைசிறந்த உணவகம் என்ற பட்டம் இதற்குக் கிடைத்தது. நீளவாக்கில் சன்னமாக நறுக்கி மொறுமொறுவென்று பொரித்த வெண்டைக்காய்தான் இங்கே பிரசித்தம். "கடல் தாண்டி வந்து வெண்டைக்காயா?" என்று சிரித்தார் அப்பா. ஆனால் இந்த ஊர்க்காரருக்கு வெண்டைக்காய் அந்நியமில்லை. தென்மாநிலங்களில் மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரிப்பார்கள், இறைச்சியோடு குழம்பாக்குவார்கள். அந்தக் குழம்பின் பெயரான 'கம்போ', வெண்டைக்காயைக் குறிக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. இந்தியச் சமையலும் தென்மாநிலச் சமையலும் கைகுலுக்கிக்கொள்ள வெண்டைக்காயைவிடப் பொருத்தமான காய் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ஈகிள் தெரு. ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் கடைவீதி. முடிதிருத்தகம், மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை என்று எல்லாம் அவர்களே நடத்தினார்கள். 'தி பிளாக்' என்றால் ஊருக்கே தெரியும். கடன் காப்பாற்றியது நகரத்தின் நடுப்பகுதியை மட்டும்தான். நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஒன்றிய அரசின் பணம் வந்தபோது, இதையொட்டியிருந்த கறுப்பினக் குடியிருப்பு இடிபட்டது. ஆள்கள் சிதறினார்கள், கடைகள் மூடின. அந்தத் தெருவில் 2018-ல் ஜான் ஃப்ளீர் திறந்த உணவகம் 'பென்னே ஆன் ஈகிள்'. 1970களில் இதே பகுதியில் சாப்பாட்டுக்கடை நடத்திய மூதாட்டி ஒருவரை அழைத்து, சமையலறைக்கு வழிகாட்டியாக வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் அடுப்படியை நடத்திய ஆஷ்லி ஷாந்தி பின்பு 2024-ல் தனக்கென்று ஒரு மீன்கடை திறந்தார்.

மேசைக்குத் தட்டாம்பயறும் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் வந்தன. கீரை என்றால் காலர்ட், முட்டைக்கோசின் பங்காளி. நெடுநேரம் வேகவைத்து, வெந்த தண்ணீரோடு தருவார்கள். 'பாட் லிக்கர்' என்பார்கள் அந்தத் தண்ணீரை. அடிமைக் காலத்தில் கீரை முதலாளி மேசைக்குப் போகும், சாறு சமைத்தவர்களின் குழந்தைகளுக்குப் போகும். சத்தில் நிறைய அந்தச் சாற்றில்தான் இறங்கியிருந்தது.

"பென்னேன்னா என்னாப்பா?" என்று கேட்டார்.

"எள்ளு. மேற்கு ஆப்பிரிக்கச் சொல்."

அப்பா கரண்டியை வைத்துவிட்டார். முப்பது வருஷம் விவசாயிகளுக்கு விதை கொடுத்த மனுஷர் விழித்துக்கொண்டார். "எள்ளு நம்ம பக்கத்துல பொறந்த பயிருய்யா. இங்கேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போயி, அங்கேர்ந்து அந்தச் சனங்களோட கப்பல்ல இங்க வந்துருக்கு. இந்தா, தட்டாம்பயறு. இது அவங்க பயிரு. சோளமும் அவங்க பயிருதான், மக்காச்சோளத்தைச் சொல்லல, நம்மூரு சோளம். எந்தக் காலத்துலயோ நம்மகிட்ட வந்துருச்சு, நம்மதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம்." தட்டைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார். "நாம அவங்களுக்கு ஒண்ணு குடுத்தோம், அவங்க நமக்கு ரெண்டு குடுத்தாங்க. இங்க வந்து எல்லாம் ஒரே தட்டுல கெடக்கு."

எனக்கு அந்த நேரத்தில்தான் ஒன்று பிடிபட்டது. இந்த ஊர்ச் சமையலைப் புதுமை, படைப்பூக்கம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். உண்மையில் புதிதாக முளைத்தது குறைவு. குருணைக் கஞ்சி, கீரைத் தண்ணீர், காய்ந்த பயறு: எல்லாம் கையில் ஒன்றுமில்லாதவர்கள் ஒன்றுமில்லாததிலிருந்து ஆக்கியவை. இடிக்கக் காசில்லாததால் கட்டடங்கள் தப்பின. வேறு வாங்கக் காசில்லாததால் இந்தச் சமையல் தப்பியது. புதுமையைச் செய்தவர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். அவர்கள் பெயர் பலகையில் ஏறத்தான் இவ்வளவு நாளாகியிருக்கிறது. பில் வந்ததும் அப்பா வழக்கம்போல டாலரை 83-ஆல் பெருக்கி ரூபாயாக்கிப் பார்த்து, "ஏழை சாப்பாடு ஏழைக்குக் கட்டாது போல" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் பிரெவார்ட் சாலையில் மாநில அரசு நடத்தும் விவசாயிகள் சந்தைக்குப் போனோம். ஆப்பிள் காலம். ஆப்பிளைச் சுண்டக் காய்ச்சிய பழுப்பு நிறக் களிம்பும், ஊறுகாய் ஜாடிகளும், இனிப்புச் சோளத்தட்டையை ஆட்டிக் காய்ச்சிய கறுத்த பாகும் வரிசையாக இருந்தன. பாகைச் சுவைத்துவிட்டு, கரும்புப் பாகைவிடக் கொஞ்சம் புல் வாசம் என்றார் அப்பா. அவரை நிறுத்தியது வேறொன்று. ஒரு கடையில் முழு பீன்ஸை நூலில் கோத்துக் காயவைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். சுருங்கிப்போய்த் தோல் மாதிரி இருப்பதால் அதற்குத் 'தோல் கால்சட்டை' என்று பெயர். குளிர்காலத்தில் ஊறவைத்து மணிக்கணக்காக வேகவைப்பார்களாம். விற்ற அம்மாள் ஆங்கிலத்தில் விளக்க, அப்பா தமிழில் "சீனியவரைக்கா வத்தல், சீனியவரைக்கா வத்தல்" என்று தலையாட்ட, இருவருக்கும் நன்றாகவே புரிந்தது.

இப்போது யாராவது ஆஷ்வில்லில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் கடைப்பெயரோடு இன்னும் சிலதும் சொல்கிறேன். காலையில் பிஸ்கட்டுக்குச் சீக்கிரமே போங்கள். சைவமென்றால் கீரையையும் பயறையும் நம்பிவிடாதீர்கள், அடியில் பன்றித் துண்டு கிடக்கும், கேட்டு வாங்குங்கள். ஏப்ரலில் போனால் 'ராம்ப்' என்ற காட்டுப் பூண்டு எங்கே சமைக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அதன் வாசம் இரண்டு நாள் உங்களை விடாது. பன்றி விலா தின்பவராக இருந்தால் '12 போன்ஸ்'. புளூபெர்ரிப் பழமும் புகையூட்டிய மிளகாயும் சேர்ந்த அதன் பூச்சு பேர்போனது. ஒபாமாவே தேடிப்போய்ச் சாப்பிட்ட கடை.

2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் வந்தது. பிரெஞ்ச் பிராட் ஆறு 1916-ன் பெருவெள்ளத்தையும் மிஞ்சி ஏறி, கரையோரத்து ஓவியர் கூடங்களையும் கடைகளையும் முக்கியது. குடிநீர்க் குழாய்கள் மலைச்சரிவோடு போயின. குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்று அறிவிக்க 53 நாள் ஆனது. அந்த நாள்களில் ஊர்ச் சமையல்காரர்கள் குளிர்பெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்துத் தெருவில் அடுப்பு மூட்டி இலவசமாகச் சோறு போட்டார்கள். லாரியில் தண்ணீர் வரவழைத்து, காகிதத் தட்டில் நாலே ஐட்டத்தோடு கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்பா தினமும் போடியிலிருந்து போன் போட்டுக் கேட்பார்: "அந்த ஊருக்குத் தண்ணி வந்துருச்சா?" ஒன்றுமில்லாததிலிருந்து ஆக்கிப் போடும் வித்தை அந்த ஊருக்கு மறக்கவில்லை என்று சொன்னேன்.

மறு பொங்கலுக்குப் போடி போயிருந்தேன். டீக்கடை பெஞ்சில் பக்கத்து வீட்டு மாமா அப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அமெரிக்காவுல ஏதோ மலை ஊருக்குக் கூட்டிப் போயி, பெரிய பெரிய ஓட்டல்ல சாப்பாடு வாங்கிக் குடுத்தானாம்ல மகன்? என்னண்ணே சாப்பிட்டீங்க?"

"குருணைக் கஞ்சி. வெண்டைக்கா. தட்டாம்பயறு. கீரைத் தண்ணி. சோளப்பாகு. வத்தல்கூட வச்சிருந்தான்யா" என்று விரல்விட்டு எண்ணினார் அப்பா, பெருமையாக. "நான் கட்டிட்டுப் போன புளிச்சோத்தைத் தொறக்கவே இல்ல."

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாவம்" என்றார் கடைசியில். "அங்கயும் வெலவாசி அதிகம்தான் போல."