திறந்து ஒட்டிய கடிதம்

சின்ன வயதில், யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மாவின் கடிதம் வந்தால் அப்பா உடனே பிரிக்கமாட்டார். உறையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். "இதையும் ஆரோ உடைச்சுப் பாத்திட்டு ஒட்டியிருக்கினம்" என்பார். வாசித்தது யாரென்று தெரியாது. ஆனால் வாசித்திருக்கிறார்கள் என்பதைப் பசை காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது நான் சுவிஸில் தகவல் தொழில்நுட்ப ஆலோசகர். இணையத்தில் போகும் செய்தியில் அந்தப் பசை இல்லை. ஒருவர் இன்று நகலெடுத்து வைத்துக்கொண்டு, வலுவான குவாண்டம் கணினி வந்தபிறகு அதன் பூட்டை உடைக்கலாம். நமக்குத் தெரியவே வராது.

1984இல் சார்ள்ஸ் பெனட், ஜில் பிரஸார் என்ற இருவர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். செய்தியைப் பூட்டும் சாவியை மட்டும் ஒளித்துகள்களாக, அதாவது ஃபோட்டான்களாக, ஒவ்வொன்றாய் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு துகளும் இரண்டு முறைகளில் ஏதோ ஒன்றில் 0 அல்லது 1ஐச் சுமந்து போகும். இடையில் ஒட்டுக்கேட்பவருக்கு எந்த முறை என்று தெரியாது. ஊகித்து அளப்பார்; பாதித் தடவை பிழைப்பார்; துகளின் நிலை மாறிவிடும். எல்லாத் துகள்களையும் அவர் அளந்திருந்தால், இரு முனையினரும் ஒரே முறையைப் பயன்படுத்திய இடங்களை ஒப்பிடும்போது நூற்றுக்கு 25 அளவில் பிழை தெரியும். அந்தச் சாவியை எறிந்துவிட்டு வேறொன்று செய்யலாம். மறுபடியும் பசை!

2007 ஒக்டோபர் தேர்தலில், வாக்கு எண்ணும் நிலையத்திலிருந்து முடிவுகள் போன ஒளியிழை இணைப்பை ஜெனீவா மாநிலம் இப்படித்தான் பாதுகாத்தது.

சில வருடங்களுக்கு முன், தூரத்து நகரங்களில் இருந்த இரண்டு அலுவலகங்களை இணைக்க ஒரு நிறுவனம் என்னிடம் ஆலோசனை கேட்டது. "இதை யாராலும் உடைக்க முடியாது" என்று உற்சாகமாகப் பேசினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார்: "நடுவில் இருக்கும் அறையின் திறப்பு யாரிடம் இருக்கும்?"

என்னிடம் பதில் இல்லை.

நல்ல ஒளியிழையிலும் 50 கிலோமீற்றரில் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். 100 கிலோமீற்றரில் நூற்றில் ஒன்று. சாதாரண இணைப்பு என்றால் நடுவில் ஒளியைப் பெருக்கலாம். இங்கே முடியாது. முன்பின் தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிரதியெடுக்க இயற்கை விடாது. திருடனைத் தடுக்கும் அதே விதி நம்மையும் தடுக்கிறது. அதனால்தான் 2017இல் தொடங்கிய பெய்ஜிங் - ஷாங்காய் இணைப்பு, சுமார் 2000 கிலோமீற்றர் தூரத்தை 32 நிலையங்கள் வழியாகக் கடக்கிறது. இப்படியான இடைநிலையங்களில் சாவி சாதாரண எண்களாக வெளியே வந்து, மறுபடி பயணம் தொடங்கும். அந்த அறைக்குள் போகக்கூடியவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

அன்றிரவு அறிக்கையைத் திரும்ப எழுதினேன். யார் உள்ளே போகலாம், யார் பதிவேட்டைப் பார்ப்பது, மறுமுனையில் இருப்பவர் அவர்தான் என்று எப்படி உறுதிசெய்வது என்பவற்றுக்கே பாதிப் பக்கங்கள் போயின.

நடு அறையை நம்பவேண்டிய தேவையை இல்லாமல் செய்யும் குவாண்டம் ரிப்பீட்டர்கள் இன்னும் ஆய்வுகூடங்களில்தான் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் தம்பி, தங்கைகளே, உங்களுக்கு இங்கே வேலை மிச்சமிருக்கிறது.