பழைய ஓனருக்கு வந்த கடிதம்

ஈரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் அவர், அந்த பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கி இரண்டு வருஷமாகிறது. மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போவதும் அதில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக்கடையில் பைக்கின் பழைய ஓனரைப் பார்த்தார். "அண்ணே, பிரேக்ல ஏதோ பார்ட் மாத்தணும்னு கம்பெனியிலேர்ந்து லெட்டர் வந்துச்சு. சொல்லணும்னு நினைச்சு மறந்தே போயிட்டேன்" என்றார் அவர் சாதாரணமாக. கேட்டவருக்கு டீ இறங்கவில்லை. முந்தின நாள் மழையில்கூட மகள் பின்னால் உட்கார்ந்து வந்தாள்.

"பிரேக் நல்லாத்தானேப்பா பிடிக்குது?" என்றாள் மகள்.

"அதாம்மா பயமா இருக்கு."

தயாரிப்பில் குறை இருப்பது பின்னால் தெரியவந்தால், அந்த வண்டிகளை அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவதுதான் ரீகால். இந்தியாவில் 2012-ல் கம்பெனிகள் தாங்களாகவே இதற்கு ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டன. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது.

ஆர்.சி.யில் இருந்த 17 இலக்க சேஸிஸ் நம்பரை அப்பா வாசிக்க, மகள் கம்பெனி இணையதளத்தில் டைப் செய்தாள். ஓரிடத்தில் 'ஓ'வா, சைபரா என்று குழப்பம். சைபர்தான். ஐ, ஓ, க்யூ மூன்றும் இந்த நம்பரில் வராது. ஒன்று, சைபரோடு குழம்பிவிடும் என்பதால்தான். ஹேண்டில்பாருக்குக் கீழே, வண்டியின் கழுத்தில் பொறித்திருந்த நம்பரை டார்ச் அடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ரீகால் பட்டியலில் வண்டி இருந்தது.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குத் தயங்கியபடிதான் போனார். வாரன்ட்டி முடிந்துவிட்டது, தான் முதல் ஓனரும் இல்லை. காசு கேட்பார்களோ என்று கவலை. கேட்கவில்லை. வண்டி யார் கைக்கு மாறினாலும் ரீகால் அந்த சேஸிஸ் நம்பருக்குத்தான். பார்ட் மாற்றியதும், ரீகால் வேலை முடிந்ததென்று எழுதி வாங்கிக்கொண்டார். அவர்கள் கணக்கில் இருந்த பழைய ஓனரின் முகவரி, போன் நம்பரை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் பதியச் சொன்னார்.

வெளியே வந்தவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. இதற்கு முன் வைத்திருந்த பைக்கை அவர் ஒரு காலேஜ் பையனுக்கு விற்றிருந்தார். அந்த நம்பரைத் தேடி எடுத்து போன் போட்டார்.

"தம்பி, உங்க ஆர்.சி. புக் பக்கத்துல இருக்கா?"